எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் எனக்கு ஒல்லியான ஆள் ஒருவர் தேவைப்பட்டார். காரணம் பாடத்திட்டம். உடலுக்குள் இருக்கும் உறுப்புகள் தோலின் மீது எந்த இடத்துக்கு நேராக வருகின்றன என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. இதயத்தின் விளிம்பு இது, கல்லீரல் இங்கே முடிகிறது, நுரையீரல் இந்த விலாவரை வருகிறது என்று பென்சிலால் வரைய வேண்டும். புத்தகத்தில் அந்தப் படங்களுக்கு நின்றவன் ஒரு வெள்ளைக்கார இளைஞன். அவனுடைய விலா எலும்புகளை வாசலில் நின்றே எண்ணிவிடலாம். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

அப்பா ராணுவ டாங்க் செய்யும் தொழிற்சாலையில் ஃபோர்மேன். அவருக்கு விலா எலும்பு இருந்ததற்கு எந்த அத்தாட்சியும் எனக்குக் கிடைக்கவில்லை. பத்து நிமிடம் அழுத்தித் தேடினேன். "என்னம்மா, சப்பாத்திக்கு மாவு பிசையிறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அம்மா சம்மதிக்கவே இல்லை. படிப்பதற்காகச் சீனியர் ஒருத்தியிடம் வாங்கிய மனித எலும்புகளை ஓர் அரிசிப் பையில் போட்டு என் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அதை வீட்டுக்குள் விட்டதே தான் செய்த பெரிய தியாகம் என்று அவள் நினைத்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்க முடியாது.

பக்கத்து வீட்டு மாமா ஒல்லியாக இருந்தார். மாமா என்பது குவார்ட்டர்ஸ் வழக்கம், உறவு கிடையாது. நாங்கள் சேலத்துக்காரர்கள். அவர் வேப்பம்பட்டுப் பக்கம் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, அதே தொழிற்சாலையில் இரும்பு கடையும் டர்னராகச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

மாமாவின் பெயரைவிட அவருடைய குணம் குவார்ட்டர்ஸில் பிரபலம். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் அவரிடம் போவார்கள். சைக்கிள் வேண்டுமென்றால் அவரிடம் போவார்கள். ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்குப் படுக்க இடமில்லை என்றால் அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொழிற்சாலையில் இரண்டு சங்கங்கள் இருந்தன. இரண்டுமே அவரைத் தங்கள் ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்தன, இரண்டு கூட்டத்திலும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பேச்சு முழுவதற்கும் தலையாட்டியிருந்தார் என்பதால். பிள்ளையார் கோயில் கமிட்டியில் அவர் கேட்காமலேயே அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். யாரோ முன்மொழிந்தபோது அவர் தலையாட்டினாராம்.

ஆகவே நானும் போனேன். விஷயத்தைப் பாதி சொல்லும்போதே மாமா தலையாட்டினார். அத்தைதான் முழுவதும் கேட்டாள்.

"சட்டைய கழட்டணுமா?"

"ஆமாம் அத்தை. பனியனும்."

"கழட்டட்டும். நான் இங்கதானே குந்திகினு கீறேன். கதவு தெறந்து கெடக்கட்டும். எவ இன்னா பேசுறான்னு பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கதவு திறந்திருக்க, அத்தை அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, மாமா ஒரு மர நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்தார். புத்தகத்து வெள்ளைக்காரனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவரல்லர். ஒவ்வொரு விலாவும் தெரிந்தது. என் கையில் புருவத்துக்குத் தீட்டும் கறுப்புப் பென்சில்.

விலாக்களை எண்ண ஒரு முறை உண்டு. கழுத்துக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு மேடு தட்டும். அதற்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ண வேண்டும். ஐந்தாவது விலாவுக்கும் ஆறாவது விலாவுக்கும் நடுவே, இடது காரை எலும்பின் மையத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தால், அதற்குச் சற்று உள்ளே தள்ளி இதயத்தின் நுனி துடிப்பது விரலுக்குத் தெரிய வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

நான் எண்ணினேன். அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். விரலை வைத்தேன். அங்கே ஒன்றும் துடிக்கவில்லை.

துடிப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒரு விலா கீழே, இரண்டு விரல் வெளியே, கிட்டத்தட்ட அக்குளுக்கு நேர்கீழே. விரல் வைத்துத் தேட வேண்டிய அவசியமே இல்லை. தோல் எழுந்து எழுந்து விழுவது நாற்காலிக்கு எதிரே நின்றாலே தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்தேன். மறுபடி கழுத்துக் குழியிலிருந்து எண்ணினேன். மூன்று முறை எண்ணிய பிறகு, எனக்கு விலா எண்ணத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். பெருக்கல் குறியை அது இருந்த இடத்திலேயே விட்டு, அதைச் சேர்த்து இதயத்தின் விளிம்பை அழகாக வரைந்து முடித்தேன். நான் வரைந்த இதயத்துக்கு வெளியே மாமாவின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிதாமா?" என்றார் மாமா.

"இன்னும் கல்லீரல் இருக்கு மாமா."

தலையாட்டினார்.

அந்தப் பென்சில் சோப்புக்குப் போகவில்லை. மறுநாள் வேலை முடிந்து சட்டை மாற்றும் இடத்தில் அவருடைய மார்பையும் வயிற்றையும் பார்த்துவிட்டு ஆட்கள் கூடிவிட்டார்களாம். மந்திரம் எழுதியிருக்கிறது என்று ஒருவர், ஆபரேஷனுக்கு அளவெடுத்திருக்கிறார்கள் என்று இன்னொருவர். "பக்கத்தூட்டு பொண்ணு டாக்டருக்கு படிக்கிது. அதுதான் போட்டுச்சி" என்று மாமா சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே எங்கள் வரிசை முழுவதற்கும் விஷயம் தெரிந்தது. அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அத்தை மட்டும் அசரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்: "இன்னிக்கி முதுகாமே, வா கண்ணு!"

அந்த வருடத் தேர்வில் நான் நன்றாகச் செய்தேன். தேர்வுக்கு நிறுத்தப்பட்டிருந்த ஆளின் இதயம் புத்தகம் சொன்ன இடத்தில் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து எங்களை வார்டுக்கு அனுப்பினார்கள். தினமும் காலை ஆவடியிலிருந்து மின்சார ரயில். மகளிர் பெட்டியில் பூக்கூடைகளுக்கும் டிபன் கேரியர்களுக்கும் நடுவே வெள்ளைக் கோட்டைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு போவேன். புதிதாக வாங்கிய ஸ்டெதாஸ்கோப்பைப் பைக்குள் வைத்தாலும் அதன் ஒரு முனை வெளியே தெரியும்படி வைப்பேன். அது எல்லோரும் செய்தது.

எங்கள் பேராசிரியர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட விடமாட்டார். வார்டில் நுழைந்ததும் எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் நின்று இரண்டு நிமிடம் நோயாளியைச் சும்மா பார்க்க வேண்டும். பிறகுதான் தொடலாம், கேட்பது அதற்கும் பிறகு. "காதில் மாட்டியதும் உங்களுக்குக் கண் தெரியாமல் போய்விடுகிறது" என்பார்.

ஒருநாள் அப்படி ஒரு கட்டிலின் முன்னால் நின்றோம். நடுவயது ஆள் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடம் ஆனது.

"என்ன பார்த்தீர்கள்?" என்றார் பேராசிரியர்.

ஒருவன் நகம் என்றான். ஒருத்தி மூச்சு வாங்குகிறது என்றாள். பேராசிரியர் அசையவில்லை. கடைசியாகப் பின்னாலிருந்து ஒருவன், "சார், நாம எதுவும் கேக்கல. ஆனா அவர் ஆமாம் ஆமாம்னு தலையாட்டிக்கிட்டே இருக்கார்" என்றான். சிலர் சிரித்தார்கள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. அதுதான் நோய் என்றார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. அது சரியாக மூடாவிட்டால் வெளியே போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி உள்ளே விழுந்துவிடும். அதை ஈடுகட்ட இதயம் ஒவ்வொரு தடவையும் பலமாக அடிக்கும். கழுத்து ரத்தக் குழாய்கள் துள்ளும். அந்த உதைப்பில் தலை ஆடும். இதயமும் நாளாக நாளாகப் பெருத்து, அதன் துடிப்பு கீழேயும் வெளியேயும் நகர்ந்துபோகும். இதற்கெல்லாம் தனித்தனியாக வெளிநாட்டுப் பெயர்கள் இருந்தன. மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை.

அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அம்பத்தூர் தாண்டும்வரை என் கண்ணில் இருந்தது அந்தப் பெருக்கல் குறிதான்.

வீட்டுக்குள் போகாமல் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாமா வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். பேப்பரில் வந்த எல்லாச் செய்திக்கும் அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெரிய ஆட்டமில்லை. யாரோ பின்னாலிருந்து ஒரு விரலால் தட்டுவது போல.

"இன்னாமா, அப்டியே நிக்கிற?"

"கையைக் குடுங்க மாமா."

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி என் விரலை உதைத்துவிட்டு உடனே காணாமல் போனது. கையைத் தூக்கிப் பிடித்தபோது இன்னும் பலமாக உதைத்தது. நாடியின் மேல் விரலை வைத்துக்கொண்டே தலையைப் பார்த்தேன். விரலில் ஓர் உதை, தலையில் ஓர் ஆட்டம். விரலில் ஓர் உதை, தலையில் ஓர் ஆட்டம். ஒன்றுகூடத் தவறவில்லை. காலருக்கு மேலே கழுத்தின் இரண்டு பக்கமும் துள்ளிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாகப் பார்த்த கழுத்து.

உள்ளே போய் உட்காரச் சொன்னேன். அத்தை அடுப்படியிலிருந்து வந்து வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமாவை முன்னால் குனியச் சொல்லி, மூச்சை முழுக்க வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பை மார்பெலும்பின் இடது ஓரத்தில் வைத்தேன். லப், டப், அதற்குப் பிறகு நீளமாக ஒரு காற்று. பேராசிரியர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், சொன்ன மாதிரியே.

அந்தக் கணத்தில் நான் சந்தோஷப்பட்டேன். இதை மறைப்பதில் பயனில்லை. யாரும் காட்டாமல் நானே கண்டுபிடித்த முதல் நோய் அது. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பிறகு நிமிர்ந்தேன். மாமா இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் கறுத்து, நான் விடச் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"விடுங்க மாமா, விடுங்க!"

விட்டார். கொஞ்ச நேரம் இரைத்தது.

கேட்க வேண்டிய கேள்விகளை அதற்குப் பிறகு கேட்டேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு வருடமாகப் பாதியில் நின்றுவிட்டுத்தான் ஏறுகிறார். யாராவது பார்த்தால் ரயிலை வேடிக்கை பார்ப்பது போல நின்றுகொள்வாராம். இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறார். "எடது பக்கம் சாஞ்சி படுத்தா யாரோ கதவ தட்டுறாப்ல கீது" என்றார். சின்ன வயதில் முட்டி முட்டியாக வீங்கி ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்ததாகவும் சொன்னார். மூட்டைப் பிடிக்கும் அந்தக் காய்ச்சல் இதயத்தையும் பிடிக்கும்; வால்வு கெட்டது அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

நான் அத்தையிடம் விளக்கினேன். வால்வு வரை அமைதியாகக் கேட்டாள். தலை ஆடுவதும் அதனால்தான் என்றதும் எழுந்து நின்றாள்.

"இன்னா பேசுற நீ? அவுரு கொணம் அது. கண்ணாலம் கட்டி வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். கேட்டவங்களுக்கு இல்லன்னு சொன்னதில்ல. நல்ல கொணத்த போயி நோவுன்ற?"

"அத்தை, நான் சொல்றது..."

"அவுரையே கேளு. ஏங்க, உங்களுக்கு நோவா?"

மாமா தலையாட்டினார். எதற்கென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

வேறு வழி தெரியாமல் ஸ்டெதாஸ்கோப்பை அத்தையின் காதில் மாட்டினேன். முதலில் என் நெஞ்சில் வைத்துக் காட்டினேன். "லப்புடப்புன்னு கீது" என்றாள். பிறகு மாமாவின் நெஞ்சில் வைத்தேன். மாமா சொல்லாமலேயே குனிந்து மூச்சை விட்டு நிறுத்தினார். அத்தை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள். மறுபடி என் நெஞ்சைக் காட்டச் சொன்னாள். மறுபடி அவரிடம் திரும்பினாள்.

"ஒழுவுது" என்றாள்.

கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"எப்ப இட்டுகினு போணும்?"

"செவ்வாய்க்கிழமை. மாமா, வருவீங்கல்ல?"

தலை ஆடியது.

"வாயால சொல்லுங்க மாமா."

"வரேன்மா."

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் ரயிலில் போனோம். மேம்பாலத்தில் மாமா இரண்டு இடத்தில் நின்றார். இந்த முறை ரயிலை வேடிக்கை பார்ப்பதாக நடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேராசிரியர் அவரைக் கால்மாட்டில் நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "யார் கண்டுபிடித்தது?" என்றார். நான்தான் என்றேன். "எத்தனை நாளாகத் தெரியும் இவரை?" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. நானும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

மாமாவை வார்டில் சேர்த்தார்கள். அந்த நோயின் அடையாளங்கள் எல்லாம் ஒரே உடம்பில், அதுவும் விலா தெரியும் உடம்பில் இருப்பது அபூர்வம். செய்தி கல்லூரி முழுவதும் பரவிவிட்டது. மற்ற யூனிட் மாணவர்களும் குழுக்குழுவாக வந்தார்கள். நோயாளியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவரும் மரியாதையாக, "உங்களைப் பரிசோதிக்கலாமா?" என்று கேட்டார்கள். மாமா தலையாட்டினார். அவர்கள் கையைத் தூக்கிப் பார்த்தார்கள், நகத்தை அழுத்தினார்கள், குனியச் சொன்னார்கள், மூச்சை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டாம் நாள் பிற்பகல் அத்தை கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"அவுரு தலையாட்டுறது சம்மதம் இல்ல. நோவு. புஸ்தகத்துல போட்டுகீது, போயி படிங்க. சம்மதம் வேணும்னா என்னாண்ட கேளுங்க."

அதற்குப் பிறகு அவளிடம் கேட்டார்கள். சாப்பிடும் நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் கிடையாது என்றாள்.

வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் நகரத்தில் அந்த அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலம்தான், ஆனால் வரிசை நீளம். சில மாதங்கள் காத்திருந்தோம். அறுவை சிகிச்சை அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் அத்தையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. சாமி பெயரையும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்த வால்வு இன்னாத்துல செஞ்சது?" என்று கேட்டாள்.

"உலோகம் அத்தை. வெளிநாட்டுல செஞ்சது."

"நம்ம ஃபாக்டரில செய்ய மாட்டாங்களா?"

"டாங்க்கு மாதிரி பெரிய சாமானுக்குத்தான் அங்க."

"அவுரு செய்வாரு" என்றாள். "சாமான் குடுத்தா செய்வாரு."

மாமா கண் விழித்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதும் அந்த வால்வைப் பற்றித்தான். அதற்குள் இருக்கும் வட்டத் தகடு திரும்புகிற இடத்தில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், தேய்மானம் வருமா, எண்ணெய் தேவையில்லையா? நான் போய் அறுவை சிகிச்சை டாக்டரிடம் கேட்டேன். இடைவெளி பற்றி அவருக்குத் தெரியவில்லை. ரத்தமே எண்ணெய் என்று சொல்லச் சொன்னார். மாமா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் கவனித்தது வேறு. அவர் நேராக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். தலை சுவரில் அடித்த ஆணி போல அசையாமல் இருந்தது.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய பிறகு சிக்கல் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் பழம் வைத்துவிட்டுப் பேசினார்கள். மாமா தலையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் வாரத்திலேயே அவருக்குக் கர்வம் வந்துவிட்டது என்ற பேச்சு கிளம்பியது. நெஞ்சைத் திறந்ததில் மனசை எடுத்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். ஷிஃப்ட் மாற்றக் கேட்டு வந்தவர் அவர் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஆடவில்லை. "யோசிச்சி சொல்றேன்" என்றார் மாமா. அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. வந்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார், ஏற மறந்து. கோயில் கமிட்டியிலிருந்து வந்தவர்களிடம், அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். இரண்டு சங்கங்களுக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வந்தது.

அத்தைக்கே பழகவில்லை. "ஊட்ல நானு பேசினா முன்ன ஆமாம் ஆமாம்னு ஒரு தொணையா இருந்துச்சி. இப்ப செவுத்தாண்ட பேசுறாப்ல கீது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

ஒருநாள் நான் மாமாவிடம் நேராகவே கேட்டேன். இத்தனை வருடம் அவர் தலையாட்டியதில் எவ்வளவு அவருடையது என்று.

யோசித்தார். "கொஞ்சம் நானு, கொஞ்சம் அது. நானு இல்லன்னு சொல்லலாம்னு வாய தொறக்கறதுக்குள்ள எதிர்ல கீறவன் சந்தோஷமா பூடுவான். அப்பறம் கூப்ட்டு இல்லப்பான்னு எப்டி சொல்றது?"

பெருக்கல் குறி விஷயத்தையும் அன்றுதான் சொன்னேன். முதல் வருடமே அவர் இதயம் தவறான இடத்தில் அடிப்பதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு வேறு இடத்தில் வரைந்தேன் என்றேன்.

"அதுதான் எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றார். "நீ போட்ட எடத்துல ஒண்ணுமே அடிக்கல. படிச்ச பொண்ணு, கேட்டா கூச்சப்படும்னு வுட்டுட்டேன்."

அடுத்த ஆண்டு மாமா வழக்கமான பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நானும் உடனிருந்தேன். பேராசிரியர் அவரைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார். அடுத்த வாரம் இறுதியாண்டுத் தேர்வு. செயற்கை வால்வு வைத்த ஒருவர் தேர்வுக்கு நோயாளியாகக் கிடைத்தால் வசதி. இரண்டு நாள் வந்து படுத்துக்கொண்டால் போதும், சாப்பாடு கொடுப்பார்கள் என்றார். அவர் கேட்டு யாரும் மறுத்ததில்லை. பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கேஸ் ஷீட்டை எடுத்தார்.

"இல்ல சார்" என்றார் மாமா. "நான் வர்ல."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அறையில் இருந்த நான்கு பேரும் மாமாவைப் பார்த்தோம். மாமா நிதானமாகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டைக்குள்ளிருந்து வால்வின் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும் ரயிலில் அவர் மிகவும் உற்சாகமாக இருந்தார். வில்லிவாக்கத்தில் ஏறிய ஆளிடம் கடலைப் பொட்டலம் வாங்கி எனக்குப் பாதி கொடுத்தார். ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டேன்.

"அத்தினி பேரு கையும் ஜில்லுனு கீதுமா" என்றார். "ஒருத்தராச்சும் தேச்சிகினு வெக்கக் கூடாதா?"

என் கைகளைப் பார்த்தேன். அவை அன்றும் ஜில்லென்றுதான் இருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் சிறிய கிளினிக் ஒன்று வைத்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாமா தினமும் மாத்திரை போட வேண்டும், மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், கீரையை அளவாகச் சாப்பிட வேண்டும். மூன்றையும் அத்தை பார்த்துக்கொண்டாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை இருவரும் வருவார்கள். மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் டிக் டிக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் மாமா கையில் கடிகாரம் இல்லாமலேயே மணி சொல்வார்.

பிறகு அவர் விருப்ப ஓய்வு பெற்றார். வேப்பம்பட்டில் குடும்ப நிலத்தில் ஒரு மூலையில் வீடு கட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தார்கள். அண்ணன் தம்பிகள் ரோட்டோரத்து இடத்தைத் தங்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னபோது, மாமா முடியாது என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

குடிபோவதற்கு முந்தைய சனிக்கிழமை வந்தார்கள். மாமாவைப் பார்த்து முடித்தேன். கைகளைத் தேய்த்துவிட்டுத்தான் பார்த்தேன். நாடி ஒழுங்காக இருந்தது. அவர் எழுந்து மருந்துச் சீட்டோடு வெளியே போனார். அத்தை போகவில்லை. அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்கும் பாரு."

"என்ன அத்தை செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. இத்தினி வருஷமா பக்கத்துலயே குந்திகினு கீறேன். எனக்கு யாரும் பாத்ததில்ல."

பார்த்தேன். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தேன். பிறகு நாடி, கண் இமை, நாக்கு, நகம், கழுத்து, ரத்த அழுத்தம், நெஞ்சின் நான்கு இடங்கள், முதுகு, வயிறு. அவள் சொல்லாமலேயே குனிந்தாள், சொல்லாமலேயே மூச்சை விட்டு நிறுத்தினாள், எப்போது விட வேண்டும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கால் மணி நேரம் ஆனது. வெளியே ஆட்கள் இருமினார்கள்.

"எல்லாம் நல்லா இருக்கு அத்தை. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் முகம் வாடிவிட்டது. "நல்லா பாத்தியா?"

மறுபடி அவளைப் பார்த்தேன். காலை நீட்டச் சொல்லி, முழங்கால் மேல் உள்ளங்கையை வைத்து மடக்கி நீட்டினேன். உள்ளே மணல் அரைபடுவது போலக் கையில் தட்டியது.

"முட்டி தேய்ஞ்சிருக்கு" என்றேன். "மாடிப்படி ஏறினா வலிக்குமே?"

"வலிக்கும். அதான பாத்தேன்" என்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேரு இன்னா அதுக்கு? சீட்ல எழுதி குடு."

எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். கதவு மூடுவதற்குள், "ஏங்க, எனக்கும் கீதாம்" என்று அவள் மாமாவிடம் சொல்வது கேட்டது.